பழைய அநீதியும் இன்றைய காணியும்

மீள்குடியேறிய கிராமங்களிலே காணிப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கவென நாம் உட்கார்ந்த கூட்டங்களில் ஒரே காட்சியைப் பல தடவை கண்டிருக்கிறோம். ஒரு பக்கத்திலே 1990 இல் ஊரைவிட்டு ஓடிய குடும்பம். பொலித்தீன் பையில் சுற்றிய பழைய அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது. மடித்த இடங்களில் எழுத்து அழிந்துவிட்டது. மறுபக்கத்திலே 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, போக்கிடமின்றி, அந்தப் பாழ்வளவைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்ட குடும்பம். “எங்கட அப்பு வெட்டின கிணறு சுவாமி” என்கிறார் ஒருவர். “தூர்ந்து கிடந்ததைக் கலக்கி இறைச்சு எடுத்தது நாங்கள் சுவாமி. இந்தத் தண்ணியிலதான் எங்கட பிள்ளையள் வளர்ந்ததுகள்” என்கிறார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான்.

முன்னொரு காலத்தில் நடந்த அநீதி இன்று காணி கேட்க உரிமை தருமா? தருமென்றால் எவ்வளவு பழைய அநீதி வரைக்கும்? யாரிடம் கேட்பது? இந்தக் கேள்விகளை இக்கட்டுரையிலே சற்று ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறோம். எமது எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அநீதிக்குப் பரிகாரம் கேட்கும் உரிமை காலம் சென்றதால் செத்துப்போவதில்லை. ஆனால் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியவர் யார், எதைக் கொண்டு தீர்ப்பது என்பவை காலத்தோடு மாறுகின்றன. இந்த வேறுபாட்டை மறந்தால் ஓர் அநீதியைத் திருத்தப் போய் இன்னொன்றைச் செய்துவிடுவோம். இந்நாட்டில் அப்படி நடந்தும் இருக்கிறது.

சூனேம் ஊர்ப் பெண்

காணி பற்றிப் பேசும்போது நாம் வழமையாக நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆனால் இடம்பெயர்ந்தோருக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்ச்சி அரசர்கள் இரண்டாம் நூலின் 8 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆறே வசனங்கள். பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சூனேம் ஊரிலே ஒரு பெண். எலிசா உயிர்ப்பித்த சிறுவனின் தாய். ஏழு ஆண்டுப் பஞ்சம் வரப்போகிறது, குடும்பத்தோடு எங்காவது போய்விடு என்று எலிசா சொல்ல, அவள் பெலிஸ்தியர் நாட்டுக்குப் போய் ஏழு ஆண்டு அகதியாக இருக்கிறாள். திரும்பி வந்தால் வீடும் வயலும் அவள் கையில் இல்லை. அரசனிடம் முறையிடப் போகிறாள். அந்த நேரம் பார்த்து எலிசாவின் பணியாளன் அவளுடைய கதையைத்தான் அரசனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இவள்தான் அந்தப் பெண் என்று சாட்சி சொல்கிறான். அரசன் ஓர் அதிகாரியை நியமித்து, அவளுக்குரிய எல்லாவற்றையும், அவள் போன நாள் முதல் அன்று வரைக்குமான வயலின் விளைச்சலோடு, திருப்பிக் கொடுக்கக் கட்டளையிடுகிறான்.

இதிலே சில விடயங்களைக் கவனியுங்கள். அவளை யாரும் வாள்முனையில் துரத்தவில்லை. உயிர் தப்பப் போனாள். அப்படியிருந்தும், நீதானே விட்டுவிட்டுப் போனாய் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அடுத்தது, அவள் கணவன் முதியவர் என்று 4 ஆம் அதிகாரம் சொல்கிறது. 8 ஆம் அதிகாரத்தில் அவரைப் பற்றிய பேச்சே இல்லை. முறையிட வந்து நிற்கும் பெண்ணுக்குத்தான் காணி திரும்பிக் கிடைக்கிறது. (எமது நாட்டிலே 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான காணிகளில் மகள்மாருக்கு முன் மகன்மாருக்கு இடம் கொடுத்த விதியை நீக்க 2022 வரை செல்லவேண்டியிருந்தது.) மூன்றாவது, காணி மட்டுமன்றி, இழந்த ஏழு ஆண்டு விளைச்சலும் கணக்கில் வந்தது. அதை யார் கையிலிருந்து கொடுப்பது என்று நூல் சொல்லவில்லை. ஆனால் கட்டளை அரசனின் அதிகாரிக்கே போகிறது. அந்த வயலை அப்போது உழுதுகொண்டிருந்தவனிடம் போய்க் கேள் என்று அவளை அனுப்பிவிடவில்லை.

நாபோத்தின் கதையின் முடிவோ வேறு. 2 அரசர் 9 இல், ஆகாபின் மகனைக் கொன்ற ஏகூ, அந்த உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறியச் செய்கிறான். பழி தீர்க்கப்பட்டது. ஆனால் நாபோத்தின் உறவினர் எவருக்காவது அந்தத் தோட்டம் திரும்பிக் கிடைத்ததாக ஒரு சொல்லும் இல்லை. பழிவாங்குதல் வேறு, பரிகாரம் வேறு என்பதை இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் விளங்கும்.

காலம் கடந்தால் உரிமை போகுமா?

சூனேம் பெண்ணுக்கு ஏழு ஆண்டுகள். உங்களில் சிலருக்கு முப்பதுக்கும் மேல். எமது நாட்டில் 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தவர் நீதிமன்றத்தில் அதைத் தனதென்று கேட்கலாம். இச்சட்டத்துக்கு ஒரு நியாயம் உண்டு. முப்பாட்டன் காலத்துப் பேச்சை வைத்துக்கொண்டு எவரும் எவரையும் எழுப்பலாம் என்றால் ஒருவரும் நிம்மதியாக ஒரு தென்னையை நடமுடியாது.

ஆனால் ஷெல் விழும்போது ஓடியவர் எப்படி வழக்குப் போடுவார்? இந்த அநியாயத்தை உணர்ந்துதான் 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தமது உரிமையைப் பாதுகாக்க முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல சட்டம். ஆனால் அதைப் பயன்படுத்தக் கொடுத்த அவகாசம் குறுகியது. அப்படி ஒரு சட்டம் வந்ததையே அறியாத குடும்பங்கள் எத்தனையோ. அரச படைகள் பிடித்த காணிக்கும் அது மருந்தல்ல. வலிகாமம் வடக்கிலே 1990 இல் வெளியேறியவர்களில் பலர் 2015 க்குப் பின்னரே தமது எல்லைக் கற்களைத் தேடிப் போக முடிந்தது. எல்லாருக்கும் அதுவும் கிடைக்கவில்லை. முள்ளிக்குளம் மக்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 2017 இல்தான், அதுவும் ஒரு பகுதிக் காணியை மட்டும், விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது.

இங்கே திருச்சபைச் சட்டத்தில் உள்ள ஒரு விதி எமக்குப் பயன்படுகிறது. குருமடத்தில் படித்தபோது உலர்ந்த விடயமாகத் தோன்றியது. காணிக் கூட்டங்களில் இருந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. திருச்சபைச் சட்டத்தின் 198 ஆம் விதிப்படி, நீண்டகால ஆட்சி உரிமையாக மாறவேண்டுமென்றால் ஆள்பவர் தொடக்கத்தில் மட்டுமல்ல, முழுக்காலமும் நல்லெண்ணத்தோடு ஆண்டிருக்க வேண்டும். பிறருடையது என்று தெரிந்துகொண்டே வைத்திருப்பவருக்குக் காலம் எதையும் கொடுக்காது. நாட்டுச் சட்டம் இவ்வளவு தூரம் கேட்பதில்லை. ஆனால் மனச்சாட்சி கேட்கும். எனவே, அயலவர் ஓடியதும் அவர் வேலியைத் தன் பக்கமாக நகர்த்தியவரையும், அரசாங்கமே கொண்டுவந்து இருத்திய அகதியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போவது?

தென்னாபிரிக்கா இந்தக் கேள்வியைச் சட்டமாகவே எழுதவேண்டியிருந்தது. அங்கே யோசுவா நூலைக் கையில் வைத்துக்கொண்டு பிறர் நிலத்தைத் தமக்கு வாக்களிக்கப்பட்டதாக எண்ணியவர்கள் இருந்தார்கள் என்பதை, விவிலியம் படிக்கும் நாம் வெட்கத்தோடு நினைவுகொள்ள வேண்டும். 1913 ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தையே ஒதுக்கியது. 1936 இல் அது 13 சதவீதமளவுக்கு உயர்த்தப்பட்டது. 1994 இல் ஆட்சி மாறியதும், 1913 ஜூன் 19 க்குப் பின் இன அடிப்படையில் நிலம் இழந்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டம் செய்தார்கள். ஒல்லாந்தர் வந்திறங்கியதோ 1652 இல். அப்படியானால் இடைப்பட்ட 260 ஆண்டுகள்? அதற்கு முன் இழந்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானதே. ஆனால் எங்காவது ஒரு கோடு போடாமல், ஒரே நிலத்துக்கு வந்து நிற்கும் மூன்று நான்கு கூட்டத்தாரின் கோரிக்கைகளை விசாரிக்க முடியாது. அதனால் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு இழந்த நிலத்தை மீட்கும் வழி; வெளியே இருந்தவர்களுக்கும் நிலமே இல்லாதவர்களுக்கும் நிலப்பங்கீடு என்ற வேறு வழி.

1998 முடிவுக்குள் ஏறத்தாழ 80,000 கோரிக்கைகள் வந்தன. பலர் நிலத்துக்குப் பதில் பணத்தைப் பெற்றார்கள், விசேடமாக நகரங்களில். நிலப்பங்கீடு இலக்கை எட்டவில்லை. கோடு போட்ட முறையை நாம் குறைசொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு பிந்திப் போனதையே குறைசொல்கிறோம்.

மலைநாட்டில் நடந்தது

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருக்க வேண்டும். காடு, தரிசு, குடியிருப்பில்லாத, பயிரிடப்படாத காணி யாவும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குச் சொந்தம் என்று அது சொன்னது. கண்டிக் கிராமத்தவர் சேனை வெட்டிப் பயிரிட்டுப் பல ஆண்டு தரிசாக விடுபவர்கள். மாடு மேய்க்கவும் விறகெடுக்கவும் காட்டைப் பொதுவில் பயன்படுத்தியவர்கள். ஆங்கிலேயர் கேட்ட மாதிரி உறுதி அவர்களிடம் எங்கே இருந்தது? அந்தக் காணிகள் கோப்பித் தோட்டங்களுக்கு மலிவு விலைக்குப் போயின. தோட்டத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், எங்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது.

ஆக, கண்டிக் கிராமத்தவரின் குறை உண்மையான குறை. அதை மறுக்கும் தமிழர் வரலாற்றை அறியாதவர். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தபோது இந்தப் பழைய அநீதியும் அவற்றுக்கு ஒரு நியாயமாகக் காட்டப்பட்டது. முதற்சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராகவும், வயலாயின் 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. இரண்டாவது கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. ஆனால் பரிகாரத்தின் சுமை எவர் தலையில் இறங்கியது? காணியை விற்றது ஆங்கிலேய அரசு. இலாபம் எடுத்தவை கம்பனிகள். அவற்றுக்கு இழப்பீடும் கிடைத்தது. ஒரு பரப்புக் காணியும் இல்லாத, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையும் இழந்திருந்த தொழிலாளரோ பல தோட்டங்களில் லயன் அறைகளிலிருந்தே துரத்தப்பட்டார்கள். 1977 மே மாதத்தில், நுவரெலியாப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராக எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார்.

உண்மையான அநீதி; உண்மையான கோரிக்கை; ஆனால் கடனைக் கட்டவைக்கப்பட்டவர் கடன்பட்டவரல்ல. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிய மலையகக் குடும்பங்களில் பல இன்றும் காணிப் பத்திரம் இல்லாமல் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கூட்டங்களில் அவர்கள் பின்வரிசையில் உட்காருவதை நாம் கண்டிருக்கிறோம்.

எங்களிடம் கேட்பவர்கள்

உரிமை பேசுகின்ற நாம், எங்களிடம் உரிமை கேட்டு வருபவர்களுக்கு என்ன சொல்கிறோம்? 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். அவர்கள் இல்லாத காலத்தில் முசலிப் பக்கத்துக் காணிகளில் காடு மண்டியது. பின்பு 2012 இல் அப்பகுதியில் சில இடங்கள் வன ஒதுக்காக அறிவிக்கப்பட்டன. பயிரிடாத காணி அரசுக்குச் சொந்தம் என்ற 1840 ஆம் ஆண்டு எண்ணம், பயிரிடவிடாமல் துரத்தப்பட்டவர்கள்மீது மறுபடியும் இறங்கியது. “அவையள் புத்தளத்தில வீடு வளவோட இருக்கினந்தானே” என்று எங்கள் மக்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வவுனியாவில் உங்களுக்கு ஒரு வீடு கிடைத்தால் ஊர்க்காணியை விட்டுவிடுவீர்களா என்று திருப்பிக் கேட்டோம். பதில் வரவில்லை.

இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. இடம்பெயர்ந்தபோது விட்டுவர ஒரு துண்டுக் காணியும் இல்லாதவர்கள். பிறர் தோட்டத்தில் கூலிக்கு நின்று, பிறர் வளவில் குடியிருந்தவர்கள். சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாகக் காணி மறுக்கப்பட்டவர்கள். இழந்ததைத் திருப்பிக் கொடு என்ற நீதி அவர்களுக்கு எதையும் கொடுக்காது, ஏனெனில் அவர்கள் இழந்ததாக எந்தப் பத்திரமும் சொல்லாது. காணிகள் விடுவிக்கப்பட்டு மற்றவர்கள் வீடு திரும்பும்போது நலன்புரி நிலையத்தில் எஞ்சி நிற்பவர்களில் இவர்கள் இருக்கிறார்கள். லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரத்து ஐம்பதாம் ஆண்டு விதிப்படி நிலம் கைமாறியிருந்தாலும் குடும்பத்துக்குத் திரும்பவேண்டும். அந்த விதி எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு என்பதில்தான் அது தொடங்குகிறது. ஒன்றுமே இல்லாதவருக்கு முதலில் அந்தப் பங்கு கிடைக்கவேண்டும்.

ஒரு காணி, இரண்டு குடும்பம்

இப்போது அந்தக் கிணற்றடிக்குத் திரும்புவோம். பலவந்தத்தால் வெளியேறிய முதற் குடும்பத்தின் உரிமையே முதலில் நிற்கும் என்பது எமது துணிபு. ஆனால் இரண்டாவது குடும்பத்தைத் தெருவில் விட்டு அதை நிறைவேற்ற முடியாது. மாற்றுக்காணியைக் கண்ணால் காட்டாமல் அவர்களை எழுப்புவது நீதியல்ல. அவர்கள் கலக்கிய கிணற்றுக்கும் நட்ட தென்னைக்கும் விலை உண்டு. இந்தச் செலவு திரும்பிவந்த ஏழையின் கடன் அல்ல, இருக்கின்ற ஏழையின் கடனும் அல்ல. எமது நாட்டில் நிலத்தின் 80 சதவீதத்துக்கு மேல் அரசின் கையில் இருக்கிறது. அதன் பெரும்பகுதிக்கு வேர் அந்த 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தில். அத்தனை ஏக்கரும் காடழித்துக் கொடுக்கக்கூடியவை அல்ல என்பது எமக்கும் தெரியும். ஆனால் ஒரு கிராமத்துக்கு இருபது துண்டு தேடினால் கிடைக்காமல் போகாது. யுத்தத்தை நடத்திய அரசு, காணியையும் வைத்திருக்கிறது. இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும் வரை அரசு அதிகாரி நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். இருவரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். இப்படிச் சேர்ந்து போனவர்களை நாம் அறிவோம். எல்லாருக்கும் கிடைத்தது என்று சொல்லமாட்டோம், தனித்தனியே போனவர்களைவிட விரைவாகப் பதில் கிடைத்தது.

கடினமான இன்னொன்று: உரிமையாளர் வெளிநாட்டில் நிலைத்துவிட்டார், வந்து இருக்கும் எண்ணம் இல்லை, காணியை விற்கப் பார்க்கிறார். சட்டப்படி காணி அவருடையது. ஆனால் பூமியின் பொருட்கள் எல்லாருக்கும் பொதுவானவை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வலியுறுத்தியது. தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமை அல்ல என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967 இல் தெளிவாக்கினார். ஆகவே அந்த மண்ணை இருபது ஆண்டு உழுதவருக்கு முதலில், கட்டக்கூடிய விலைக்கு, தவணையிலாவது கொடுக்கவேண்டியது உரிமையாளரின் மனச்சாட்சிக் கடமை என்று நாம் சொல்கிறோம். இதற்காகச் சிலர் எம்முடன் கோபித்துக்கொண்டதும் உண்டு.

பத்திரம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அனுமதிப்பத்திரம் தொலைந்தால் பிரதேச செயலகக் காணிப் பேரேட்டில் பதிவைத் தேடுவியுங்கள். உறுதியாயின் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலை இடாப்பு, வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் ஊரில் இருந்ததற்குச் சாட்சி. பங்கின் ஞானஸ்நானப் பதிவேடும் அப்படியே. ஊரின் பெயர் அதில் இருக்கும், உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். சில மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கான விசேட மத்தியஸ்த சபைகளும் அமைக்கப்பட்டன. முக்கியமாக, எல்லையை அறிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் காணிக்குக் கூட்டிப்போய், அயலவர் முன்னிலையில் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். சூனேம் பெண்ணுக்கும் ஒரு சாட்சி இருந்தான்.

குழுவிலே பேசுவதற்கு

2 அரசர் 8:1-6 ஐ ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பின்பு பேசுங்கள்: சூனேம் பெண்ணின் வயலை ஏழு ஆண்டும் உழுதவன் இன்னோர் ஊரிலிருந்து வந்த அகதி என்று வைத்துக்கொண்டால், அரசன் அவனுக்கு என்ன செய்திருக்க வேண்டும்? நாம் இப்போது இருக்கும் அல்லது பயிரிடும் காணி முன்பு யாருடையது, அவர்கள் இன்று எங்கே? எமது ஊரிலே காணியே இல்லாத குடும்பங்கள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் இன்று இந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள்?